ஆறாயிரம் ரூபாய்க்குப் பின்னால்: சென்னைத் தூய்மைப் பணியாளர் ஊதியத் தகராறு, ஒரு விளக்கம்

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கி 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல் துறை அப்புறப்படுத்தும் வரை, பெருநகர சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ஆம் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விடப்பட்டதை அவர்கள் எதிர்த்தனர். அதுவரை மாதம் 22,950 ரூபாய் பெற்றுவந்தவர்கள், அதே தெருவில் அதே வேலையை இனி 16,950 ரூபாய்க்குச் செய்ய வேண்டியிருக்கும் என்பது அவர்களது உடனடிப் புகார். பணி நிரந்தரம் என்பது அதனினும் பழைய கோரிக்கை.

பத்திரிகைகளில் இச்செய்தி பெரும்பாலும் இரண்டு விதமாகவே வந்தது. ஏழைப் பெண்களின் கண்ணீர்க் கதை என்பது ஒன்று. தேர்தலை நோக்கிய அரசியல் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஓர் ஊதியம் எப்படி ஒரே நாளில் ஆறாயிரம் ரூபாய் குறைய முடியும், அதைச் சட்டம் எவ்வாறு அனுமதிக்கிறது, குறைக்காமல் இருக்க அரசுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற கேள்விகளுக்கு இரண்டு விதச் செய்தியிலும் விடை இல்லை. அவற்றைப் பின்தொடர்ந்து போனால் தகராறு பணத்தைப் பற்றியது என்பதைக் காட்டிலும், இந்தத் தொழிலாளர்களின் முதலாளி யார் என்பதைப் பற்றியது என்பது புலப்படும்.

முதலில் அந்த 22,950 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 765 ரூபாய் என்று வரும். 16,950-ஐ வகுத்தால் 565. ஆக, நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் வித்தியாசம். இத்தொழிலாளர்களுக்கு ஊதிய விகிதமோ, ஆண்டு ஊதிய உயர்வோ, தனியாக அகவிலைப்படியோ கிடையாது. அவர்கள் பெறுவது தினக்கூலி. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் தினக்கூலியைப் பொதுவாக அந்தந்த மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறார். பொதுப்பணித் துறையின் கூலி விகிதப் பட்டியல் அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இதனால் மாவட்டத்துக்கு மாவட்டம் கூலி மாறும். ஆட்சியர் நிர்ணயித்த தொகையை உள்ளாட்சியும் ஒப்பந்ததாரரும் அப்படியே கொடுப்பதில்லை என்பது நெடுநாள் புகார். 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது புதிய உயர்வை அல்ல. ஆட்சியர் ஏற்கெனவே அறிவித்திருந்த 721 ரூபாயைத்தான்.

இதற்கு இணையாக இன்னோர் ஏற்பாடும் உண்டு. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்புகளின் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2017 அக்டோபர் 11-ஆம் தேதி அரசாணை எண் 62-ஐ வெளியிட்டது. தூய்மைப் பணியாளர் சங்கங்களின் எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் இந்த அறுபத்திரண்டு அதில் இருக்கும், ஏனெனில் அதை அமல்படுத்தக் கோரியே பல ஊர்களில் போராட்டங்கள் நடந்துள்ளன. தொழிலாளர் துறை என்ற கையால் அரசு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. நகராட்சி நிர்வாகத் துறை என்ற மறு கையால் அதைக் கொடுக்கத் தயங்குகிறது. தனியார் ஆலை ஒன்று குறைந்தபட்ச ஊதியம் கொடுக்காவிட்டால் ஆய்வாளரை அனுப்பும் அரசு, தன் ஆளுகைக்குட்பட்ட உள்ளாட்சியே அதைக் கொடுக்காதபோது யாரை அனுப்பும்?

நிரந்தரப் பணியாளரின் ஊதியத்தையும் இங்கே ஒப்பிட்டாக வேண்டும். தமிழ்நாடு அரசின் ஊதிய அட்டவணையில் கடைநிலையான முதல் நிலையின் தொடக்க அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய். 2025 ஜனவரி முதல் வழங்கப்பட்ட 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 24,335. வீட்டு வாடகைப்படியும் பிறவும் அதற்கு மேல். ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு என்று பத்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் அதே பணியாளர் அகவிலைப்படியுடன் 32,000 ரூபாயைத் தாண்டியிருப்பார். பத்து ஆண்டு தெருக் கூட்டிய தினக்கூலிப் பெண் ஒருவர், நேற்று சேர்ந்த நிரந்தரப் பணியாளரைவிடக் குறைவாகவே பெற்றுக்கொண்டிருந்தார். அந்தக் குறைந்த ஊதியத்தைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் 2025-இல் அவர் நடைபாதையில் உட்கார வேண்டி வந்தது.

சுயஉதவிக் குழு என்ற வாசல்

இவர்கள் மாநகராட்சிக்குள் வந்த வழி விசித்திரமானது. ‘என்.யூ.எல்.எம். தொழிலாளர்கள்’ என்றே அலுவலகத்திலும் தெருவிலும் இவர்களைச் சொல்வார்கள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயர்ச் சுருக்கம் அது. நகர்ப்புற ஏழைகளுக்குத் திறன் பயிற்சி அளிப்பது, பெண்களைச் சுயஉதவிக் குழுக்களாகத் திரட்டி வங்கிக் கடன் பெற்றுத் தருவது, வீடற்றோருக்குத் தங்குமிடம் அமைப்பது ஆகியவையே அத்திட்டத்தின் நோக்கங்கள். தெருக் கூட்ட ஆள் எடுப்பது அவற்றில் ஒன்றல்ல. ஆயினும் நிரந்தரப் பணியிடங்கள் ஓய்வாலும் இறப்பாலும் காலியாகிக்கொண்டே வர, அவற்றை நிரப்பாமல் வேலையை மட்டும் நடத்திக்கொள்ள இத்திட்டம் வசதியான வாசலாக அமைந்தது. தொழிலாளர் என்று எடுத்தால் நியமன ஆணை தர வேண்டும், பணிப்பதிவேடு வைக்க வேண்டும். குழு உறுப்பினர் என்று எடுத்தால் அந்தக் கடமைகள் எதுவும் காகிதத்தில் எழுவதில்லை.

நடைமுறையில் நடந்தது வேறு. விடியற்காலையில் வார்டு அலுவலகத்தில் வருகைப் பதிவு. எந்தத் தெரு, எந்த வண்டி என்று மேஸ்திரி பிரித்துக் கொடுப்பார். துப்புரவு ஆய்வாளர் வந்து பார்ப்பார். வேலை சரியில்லை என்றால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்வதும் மாநகராட்சி அலுவலர்தான். பேட்டரி வண்டியும், பச்சை, நீலத் தொட்டிகளும் மாநகராட்சியுடையவை. சுயஉதவிக் குழு என்ற அமைப்பு இந்த அன்றாடத்தில் எங்கும் தட்டுப்படாது. ஊதியக் கணக்கில் மட்டும்தான் அது இருந்தது.

வேலைக்கும் காகிதத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி சென்னையின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. மும்பை மாநகராட்சி குப்பை அள்ளும் தொழிலாளர்களைச் சிறு சிறு ஒப்பந்தங்கள் வழியாக எடுத்து, ஒப்பந்ததாரர்களைத் தொண்டு நிறுவனங்கள் என்றும் தொழிலாளர்களைத் தன்னார்வலர்கள் என்றும் எழுதிவைத்தது. ‘கச்சரா வாஹதூக் ஷ்ரமிக் சங்’ என்ற குப்பை அகற்றும் தொழிலாளர் சங்கம் இதைத் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தீர்ப்பாயம் கண்டது. 2,700 தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் உத்தரவை 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மும்பையின் ‘தன்னார்வலர்’ செய்த வேலையைத்தான் சென்னையின் ‘குழு உறுப்பினர்’ செய்தார்.

எந்த ஒப்பந்தம், எவ்வளவு பணம்

சென்னையில் குப்பை தனியார் கைக்குப் போவது புதிதல்ல. 2000-இல் ஓனிக்ஸ் நிறுவனம் மூன்று மண்டலங்களை எடுத்தது. அதன் பின் நீல் மெட்டல் ஃபனால்கா, ராம்கி, உர்பேசர் சுமித் என்று நிறுவனங்கள் மாறி மாறி வந்தன. 2011-இல் நகர எல்லை விரிந்து 15 மண்டலங்களான பின் தனியார்மயம் படிப்படியாகப் பெரும்பாலான மண்டலங்களை எட்டியது. நேரடி நிர்வாகத்தில் எஞ்சியிருந்தவை வட சென்னையையும் நடுச் சென்னையையும் சேர்ந்த சில பழைய பகுதிகளே. இராயபுரமும் திரு.வி.க. நகரும் அவற்றில் அடங்கும். சவுகார்பேட்டையின் சந்துகளிலும், புளியந்தோப்பு, ஓட்டேரியின் நெருக்கமான குடியிருப்புகளிலும் பெரிய வண்டிகள் நுழைய முடியாது. அங்கே குப்பை அகற்றுவது என்பது பெரும்பாலும் கையும் காலும் செய்யும் வேலை. இயந்திரத்தைக் கொண்டு செலவைக் குறைக்க இடமில்லாத பகுதியில் ஒப்பந்ததாரர் எதைக் குறைத்து லாபம் பார்ப்பார் என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

2025 ஜூனில் மாநகராட்சி மன்றம் இவ்விரு மண்டலங்களையும் ராம்கி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்குப் பத்தாண்டுக்கு அளிக்கத் தீர்மானித்தது. ஒப்பந்த மதிப்பு சுமார் 2,300 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. இதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சராசரியாக 230 கோடி.

இப்போது மறுபக்கத்தைக் கணக்கிடுவோம். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 1.2 கோடி, ஆண்டுக்கு 14.4 கோடி. அதாவது பழைய ஊதியத்தை அப்படியே தொடர்வதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஆண்டு ஒப்பந்தத் தொகையில் ஆறு சதவீதத்தைச் சற்றே தாண்டும். வருங்கால நிதியில் முதலாளியின் பங்கைச் சேர்த்தாலும் எட்டு சதவீதத்தைத் தொடாது. ஒப்பந்தத் தொகையில் வண்டி, எரிபொருள், தொட்டி, மேற்பார்வை, வட்டி எல்லாம் அடக்கம் என்பதையும், பத்தாண்டுகளில் தொகை ஏறுமுகமாக இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே இது தோராயக் கணக்கு மட்டுமே. அப்படியிருந்தும் ஒன்று தெளிவு. பேச்சுவார்த்தை மேசையில் முடித்திருக்கக்கூடிய தொகை இது. அமைச்சர் சேகர்பாபு, மேயர் பிரியா முதலானோர் பல சுற்றுகள் பேசியும் முடியவில்லை என்றால், தடை பணத்தில் இல்லை.

ஒரு தரப்பு கேட்டது, ‘மாநகராட்சியின் ஆளாகவே எங்களை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று. மறுதரப்பு சொன்னது, ‘வேலை போகாது, ஆனால் நிறுவனத்தின் ஆளாகச் சேருங்கள்’ என்று. ஆறாயிரத்தைக் கூட்டியோ குறைத்தோ இந்த இரண்டையும் சமரசப்படுத்த இயலாது. இரு மண்டலத் தொழிலாளருக்கு மாநகராட்சி முதலாளி என்று ஒப்புக்கொண்டால், ஏற்கெனவே தனியாரிடம் போன மண்டலங்களின் தொழிலாளர்களும், பிற மாநகராட்சிகளில் வெளிமுகமைக்கு, அதாவது வெளி நிறுவனங்கள் வழியாக ஆள் வைக்கும் முறைக்கு, மாற்றப்பட்டவர்களும் அதையே கேட்பார்கள் என்பது நிர்வாகத்தின் அச்சமாக இருந்திருக்க வேண்டும். பிற மாநகராட்சிகளின் பணியிடங்களைச் சீரமைத்துத் தூய்மைப் பணி உள்ளிட்ட பலவற்றை வெளிமுகமைக்கு மாற்றிய 2022-ஆம் ஆண்டின் அரசாணை 152 ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மறுபுறம், தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கை பத்தாண்டு பணிபுரிந்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தின் நகலைத்தான் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். நிறுவனத்தில் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு எல்லாம் கிடைக்கும் என்றனர். தினக்கூலியாக இருந்தவர்களுக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. வார விடுமுறைக்குக் கூலி இல்லாமலும், பிரசவத்துக்கு விடுப்பு இல்லாமலும் பத்தாண்டு வேலை செய்தவர்களுக்கு அது உண்மையான ஆதாயம்தான். ஆனால் இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை எந்த முதலாளியும் சட்டப்படி கொடுத்தாக வேண்டியவை. மாநகராட்சி தானே முதலாளியாக இருந்த காலத்தில் முறையாகக் கொடுத்திருக்க வேண்டியவற்றை, இன்னொருவர் கொடுப்பார் என்று சலுகையாக எடுத்துச் சொல்வது விந்தையான பெருமிதம். இரண்டாவது ஓட்டை, இ.எஸ்.ஐ.யின் உச்சவரம்பு. 2017 ஜனவரி முதல் அது மாதம் 21,000 ரூபாய். 22,950 ரூபாய் வாங்குபவர் அதற்கு வெளியே இருப்பார். 16,950 ஆனதும் உள்ளே வந்துவிடுவார். மருத்துவக் காப்பீடு என்ற ஆதாயத்தின் ஒரு பகுதி ஊதியம் குறைந்ததாலேயே கிடைத்த ஆதாயம் என்பதை மேடையில் யாரும் விளக்கவில்லை.

சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது

முதலாளி யார் என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்கள் ஐம்பது ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுவருகின்றன. ஒரே விடையில் நிலைத்ததில்லை. கோழிக்கோட்டுக் கயிறு ஆலை ஒன்றின் வழக்கில் 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, இடையில் எத்தனை ஒப்பந்ததாரர் இருந்தாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு செலவாகிறதோ, யாருடைய கையில் தொழிலாளியின் பிழைப்பு இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்றது. 2001-இல் ஸ்டீல் அதாரிட்டி என்ற பொதுத் துறை எஃகு நிறுவனத்தின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை வேறு பக்கம் திருப்பியது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒரு துறையில் தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள். ஒப்பந்தம் பொய்யானது, கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் மட்டுமே வழி உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். மும்பைத் தொழிலாளர்கள் வென்றது இந்தக் குறுகிய வழியில்தான்.

2006 ஏப்ரலில் வந்த உமாதேவி தீர்ப்பு அரசு நிர்வாகங்களுக்குக் கேடயமாக அமைந்தது. முறையான தேர்வு இல்லாமல் பின்வாசலில் வந்தவர்கள் நிரந்தரம் கோர முடியாது என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தொழிலாளர்கள் வரும்போதெல்லாம் அரசுத் தரப்பு உமாதேவியை எடுத்து நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பின்வாசலைத் திறந்துவைத்ததே நிர்வாகம்தான் என்பது அப்போதெல்லாம் பேசப்படுவதில்லை. அண்மையில் உச்ச நீதிமன்றத்தின் தொனி மாறியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கிலும், 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சியின் தோட்டத் தொழிலாளர்கள் தொடுத்த ஸ்ரீபால் வழக்கிலும், நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக ஆள் வைத்துக்கொண்டு, அதை நியாயப்படுத்த உமாதேவியைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் கண்டித்தது.

நம் தகராறுக்கு மிக நெருக்கமானது 2016 அக்டோபரில் வந்த ஜக்ஜித் சிங் தீர்ப்பு. நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளர், அந்தப் பதவிக்கான ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையைப் பெற உரிமை உண்டு என்று அது கூறியது. மேலே சொன்ன 24,335 ரூபாயை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இதன் பொருள் புரியும். ஆனால் அந்தத் தீர்ப்பு அரசால் நேரடியாக அமர்த்தப்பட்டவர்களைப் பற்றியது. மாநகராட்சியின் தினக்கூலியாக இருக்கும்வரை ஒரு தொழிலாளி அத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காட முடியும். ஒப்பந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலுக்குப் பெயர் மாறிய அன்றே அந்த ஆயுதம் கையிலிருந்து நழுவிவிடுகிறது. நிறுவனத்தைச் சட்டம் கட்டுவது குறைந்தபட்ச ஊதியத்தால். முதன்மை முதலாளியின், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரின், ஆட்கள் செய்யும் அதே வேலைக்கு அதே கூலி என்ற உரிம நிபந்தனை ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளில் இருந்தாலும், ஒப்பிடுவதற்கு அந்த மண்டலத்தில் நேரடித் தொழிலாளர் யாரும் எஞ்சியிராதபோது அந்த நிபந்தனை எதை அளக்கும்? ஆகவே நிறுவனத்தில் சேர மறுத்த தொழிலாளர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொன்னவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். சேர்ந்திருந்தால் ஆறாயிரத்தோடு, வழக்காடும் தகுதியையும் சேர்த்தே இழந்திருப்பார்கள்.

போராட்டத்தை முன்னெடுத்த உழைப்போர் உரிமை இயக்கம் நீதிமன்றத்தில் இன்னொரு வாதத்தையும் வைத்தது. பணி நிரந்தரம் குறித்த தகராறு தொழில் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கும்போது, தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, தீர்ப்பாயத்தின் அனுமதியின்றிப் பணி நிலைமைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்பதே அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு தனித்தனி விவகாரங்கள் நடந்தன. செய்திகளில் இவை அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்பட்டன. முதலாவது, நடைபாதையில் அமர்ந்திருப்பது பற்றியது. அனுமதிக்கப்படாத இடத்தில் போராட்டம் நடத்த முடியாது, அப்புறப்படுத்தலாம் என்று தலைமை நீதிபதி அமர்வு ஆகஸ்ட் 13-ஆம் தேதி உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே கைது நடந்தது. இரண்டாவது, தனியார்மயத் தீர்மானம் பற்றியது. அதில் தீர்மானத்தை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்தது. ஆனால் தொழிலாளர்கள் கடைசியாகப் பெற்றுவந்த ஊதியம் பாதுகாக்கப்பட வேண்டும் என்றது.

இந்த இரண்டாவது உத்தரவு மேலோட்டமாகப் பார்த்தால் நடுநிலையானது. ஊதியம் காப்பாற்றப்பட்டது, கொள்கையும் காப்பாற்றப்பட்டது. ஆனால் கடைசி ஊதியம் என்பது அன்றைய தேதியில் நின்றுபோன தொகை. மாநகராட்சித் தினக்கூலியாக நீடித்திருந்தால் ஆண்டுதோறும் ஆட்சியர் நிர்ணயம் ஏற ஏற அதுவும் ஏறியிருக்கும். இனி ஏற்றம் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் விடை கிடையாது. ஒப்பந்ததாரர், ‘மாநகராட்சி தருவதைத்தான் நான் தர முடியும்’ என்பார். மாநகராட்சி, ‘அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல’ என்று சொல்லும்.

கைது நடந்த மறுநாள் ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கான நலத் திட்டங்களை அறிவித்தது. பணியின்போது இலவச உணவு, பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு, தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, சுயதொழில் தொடங்க உதவி, குழந்தைகளின் உயர்கல்விக்கு உதவி, வீடுகள் என்று அந்தப் பட்டியல் நீண்டது. இவற்றில் சில நல்ல திட்டங்கள்தான். அதிகாலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சூடான இட்லி கிடைப்பதை இகழ எனக்கு மனமில்லை. எனினும் கேட்டது ஊதியம், கிடைத்தது நலத்திட்டம் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஊதியம் உரிமை; அதை நீதிமன்றத்தில் கேட்கலாம், நிலுவையாகக் கோரலாம். நலத்திட்டத்தை அறிவித்தவரே நிறுத்தவும் செய்யலாம்.

சாதியைப் பேசாமல் இந்த ஊதியத்தைப் பேச முடியாது. தூய்மைப் பணியில் இருப்போரில் மிகப் பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர். போராட்டம் முடிந்த சில நாட்களில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன், குப்பை அள்ளும் வேலையில் நிரந்தரம் கேட்பது அச்சமூகத்தினரைத் தலைமுறை தலைமுறையாக அதே வேலையில் கட்டிப்போடுவதாகிவிடும் என்ற பொருளில் பேசியதும், அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்ததும் நினைவிருக்கலாம். அந்தக் கவலையின் வேர் உண்மையானது. ஆனால் அதன் முடிவு சரியாகப் படவில்லை. இந்த வேலையிலிருந்து அடுத்த தலைமுறை வெளியேறுவது பெரும்பாலும் தாயின் ஊதியத்தைப் பொறுத்தது. நிரந்தர ஊதியமும் ஓய்வூதியமும் பெற்ற முந்தைய தலைமுறைத் துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் படித்து வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஊதியத்தைக் குறைத்து, நிரந்தரத்தையும் மறுத்து யாரையும் எந்தத் தொழிலிலிருந்தும் விடுவித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. வேலை நிரந்தரமாவதும் வேலைக்கு வருபவரின் சாதி நிரந்தரமாவதும் இரு வேறு விஷயங்கள்.

நிதி இல்லை என்ற வாதத்துக்குப் பக்கத்து மாநிலம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பெங்களூரில் பல ஆண்டுகள் ஒப்பந்ததாரர் வழியாகவே ‘பௌரகார்மிகர்’ எனப்படும் தூய்மைப் பணியாளர்கள் ஊதியம் பெற்றனர். பெயர்ப்பட்டியலில் இருந்து தெருவில் இல்லாத போலிப் பெயர்களுக்குப் பணம் போகிறது என்பது அங்கே பெரிய புகார். 2018-இல் ஒப்பந்ததாரரை நீக்கி மாநகராட்சியே நேரடியாக ஊதியம் வழங்கத் தொடங்கியது. 2025 மே தினத்தன்று 12,000-க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரப் பணி ஆணைகள் கொடுக்கப்பட்டன. சென்னையில் 2,000 பேர் பற்றிய பேச்சு முறிவதற்கு மூன்று மாதங்கள் முன்பு நடந்தது இது. பெங்களூர் மாநகராட்சி செழித்த நிதிநிலையில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

சென்னையின் வருவாய் நிலைமையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொத்து வரி, தொழில் வரி, முத்திரைத்தாள் கட்டணத்தில் பங்கு, மாநில நிதிக் குழு வழியாக வரும் நிதி, மத்திய நிதிக் குழு மானியம் ஆகியவையே பெரும் ஊற்றுகள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் ஊதியச் செலவைத் தாங்க முடியாது என்றால், ஒப்பந்தச் செலவை மட்டும் தாங்க முடிவது எப்படி என்ற கேள்வி மன்றக் கூட்டத்தில் எழுந்திருக்க வேண்டும். நிதிநிலை அறிக்கையில் ஊதியம் ஒரு தலைப்பிலும் ஒப்பந்தப் பணி வேறொரு தலைப்பிலும் வருகிறது. பணியாளர் செலவு குறைந்திருக்கிறது என்று காட்டுவதற்கு அதை அடுத்த பத்திக்கு நகர்த்தினால் போதும்.

இனி இந்தத் தகராறு எங்கே போய்த் தீரும் என்பதை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பெருமளவு தீர்மானிக்கும். பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடுக்கிறது. ஆனால் எவை மையப் பணி அல்ல என்ற பட்டியலின் முதல் வரிசையிலேயே கூட்டுதல், துடைத்தல், குப்பை சேகரித்து அகற்றுதல் ஆகிய துப்புரவுப் பணிகள் இருக்கின்றன. அந்த நிறுவனம் அதற்கென்றே அமைக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் விலக்கு பொருந்தாது. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கழிப்பறையைக் கழுவுவது அதன் மையப் பணி அல்ல என்பது சரி. மாநகராட்சிக்கு? அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, பொது சுகாதாரத்தையும் துப்புரவையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகராட்சிகளின் பணிகளில் ஆறாவதாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நகராட்சிச் சட்டங்களும் குப்பை அகற்றுவதைக் கட்டாயக் கடமைகளில் வைக்கின்றன. மாநகராட்சி என்ற அமைப்பு எதற்காக உண்டாக்கப்பட்டது என்று நீதிமன்றம் ஒருநாள் சொல்லியாக வேண்டும். அதற்கென்றே அமைக்கப்பட்டது என்று சொன்னால், சென்னையில் மட்டுமல்லாமல் நாடெங்கும் உள்ள குப்பை ஒப்பந்தங்கள் கேள்விக்குள்ளாகும். இல்லை என்று சொன்னால், இராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் தெருக் கூட்டுபவர்களின் அடுத்த ஊதியப் பேச்சு, 2035 வாக்கில் முடியும் ஒரு தனியார் ஒப்பந்தத்தின் விலைப்புள்ளிக்குள்ளேயே நடக்கும்.